சத்திரசிகிச்சைக்கு அரசு வைத்த விலை

1965 ஜூலை 30ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதி ஹரி ட்ரூமன் அருகிலிருக்க, ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் 'மெடிகேர்' சட்டத்தில் ஒப்பமிட்டார். 65 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களின் வைத்தியச் செலவுக்கு அரசாங்கமே காப்புறுதி வழங்கும் திட்டம் அது. அதைக் கடுமையாக எதிர்த்து நின்ற வைத்தியர் சங்கத்தைச் சமாதானப்படுத்த அரசு ஒரு பெரிய விட்டுக்கொடுப்பைச் செய்தது. வைத்தியர்கள் வழக்கமாக அறவிடும் கட்டணம் 'நியாயமானது' என்ற வரம்புக்குள் இருந்தால் அப்படியே கொடுக்கப்படும் என்பதே அது. அடுத்துவந்த வரலாறு முழுவதும் அந்த விட்டுக்கொடுப்பின் விளைவே என்பது எனது கருத்து.

புதிதாக அறிமுகமாகும் சத்திரசிகிச்சை கடினமானது; அதற்கு உயர்ந்த விலை குறிக்கப்படுவதில் தவறில்லை. ஆனால், கருவிகள் மேம்பட்டு, கைப்பழக்கம் கூடி, நேரம் பாதியாகக் குறைந்த பின்னரும் விலை இறங்குவதில்லை. கண்புரைச் சிகிச்சை இதற்கு நல்ல உதாரணம். ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் சியாவோ, 1980களில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தேவைப்படும் உழைப்பையும் செலவையும் அளந்து ஓர் அளவுகோலை உருவாக்கினார். 1989இல் காங்கிரஸ் அதனை ஏற்றது. 1992 ஜனவரி முதல் புதிய கட்டணப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது.

விலையைக் குறைத்தால் செலவு குறையும் என்பது சாதாரணக் கணக்கு. ஆனால், வருமானம் குறையும் வைத்தியர்கள் சிகிச்சைகளின் எண்ணிக்கையைக் கூட்டி இழப்பை ஈடுசெய்வர் என்று அதிகாரிகளே எதிர்பார்த்தனர். அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. இருதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்கான கட்டணம் 1980களின் இறுதியில் குறைக்கப்பட்டபோது, நியூயோர்க், வாஷிங்டன் மாநிலங்களின் நிபுணர்கள் எண்ணிக்கையைக் கூட்டி, இழந்ததில் சுமார் 70 சதவீதத்தை மீட்டுக்கொண்டனர் என 1998இல் வெளியான வின்னி யிப்பின் ஆய்வு காட்டியது.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த 1997இல் மற்றொரு சூத்திரம் வந்தது. மொத்தச் செலவு இலக்கை மீறினால் அடுத்துவரும் ஆண்டுகளில் எல்லோருக்கும் கட்டணம் வெட்டப்படும். தேவையில்லாமல் கத்தி எடுக்காத வைத்தியருக்கும் அதே தண்டனைதான்! அப்படியிருக்க, யார்தான் தாமாகக் கட்டுப்பட்டு நடப்பர்? 2002இல் ஒருமுறை வெட்டு விழுந்தது. அதன் பின்னர் காங்கிரஸ் ஒவ்வொரு வெட்டையும் தள்ளிப்போட்டு, 2015இல் சூத்திரத்தையே கைவிட்டது.

எண்ணிக்கையைப் பணம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1990களின் பிற்பகுதியின் பின்னர் பைபாஸ் குறைந்ததற்கு முக்கிய காரணம் இரத்தக்குழாயினுள் வைக்கப்படும் ஸ்டென்ட். 1992இல் 31 டொலராக இருந்த அடிப்படை அலகு விலை, 2025இல் ஏறத்தாழ 32.35 டொலர் மட்டுமே. இதே காலத்தில் பொருட்களின் விலைகளோ இரு மடங்குக்கு மேல் உயர்ந்தன. வைத்தியர்களின் முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை.

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் சிகிச்சைவாரியாக விலை குறித்தே பணம் கொடுத்தது. இத்தகைய பட்டியலைத் தயாரிக்கும் எந்த அரசும் மெடிகேரின் அனுபவத்தை மறக்கலாகாது. குறைந்த விலை வைத்தியரை விரட்டும். கூடிய விலை தேவையற்ற கத்தியை வரவழைக்கும். மேசையில் படுத்திருக்கும் முதியவருக்கோ, தனது உடலுக்குத் தேவை என்பதால்தான் கத்தி வைக்கப்படுகிறதா என்பதை அறியும் வழியில்லை. அந்த நம்பிக்கைக்கு எந்தப் பட்டியலிலும் விலை குறிக்க முடியாது.