முதலில் பங்காளிக்குச் சொல்

வீடு விற்பவர் எங்கே பிழைவிடுகிறார் என்று கேட்டால் இன்று பலரும் விலையைத்தான் சொல்வார்கள்: அவசரத்தில் குறைத்துக் கொடுத்தார், ஆசையில் கூட்டிக் கேட்டார். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையின் முதற்கேள்வி வேறு: யாருக்குச் சொல்லாமல் விற்றாய்? ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அந்த வழமைகளைத் தொகுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டுச் சரியென்றார்கள். காணி விற்பவர் முதலில் தன் உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும் ஈடு பிடித்திருக்கும் அயல்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது அத்தொகுப்பு. வாங்கும் முன்னுரிமை அவர்களுக்கே. பதில் சொல்லத் தவணையும் உண்டு. ஊரில் இருப்பவருக்குக் குறைந்த தவணை. தூரம் கூடக் கூடத் தவணையும் கூடி, பிறநாட்டில் இருப்பவருக்கு ஓராண்டு வரை போகும். கப்பலும் கால்நடையும் மட்டுமே இருந்த காலத்துக்கு இது நியாயமான கணக்குத்தான்.

இவ்வளவு காத்திருக்க ஒல்லாந்தருக்குப் பொறுமை இல்லை. தொகுப்பு எழுதப்படுமுன்பே அவர்கள் ஓர் உத்தரவு போட்டிருந்தார்கள்: விற்கும் எண்ணத்தை அவரவர் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிறுகளில் அறிவிக்க வேண்டும், முன்னுரிமை கோருபவர் அதற்குள் முன்வர வேண்டும். அந்நாளில் தேவாலயம் வழிபாட்டுக்கு மட்டுமான இடமன்று, அரசின் பதிவேடும் பள்ளிக்கூடமும் அங்கேதான். ஊரார் காதில் ஒரு செய்தியைப் போட அதைவிட வாய்ப்பான இடம் கிடைக்காது. அறிவித்தலின் வடிவம் மாறினாலும் கடமை விற்பவர் தலையில்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்குபவரே விழிப்பாக இருக்கட்டும் என்று விட்டுவிடும் சட்டங்களுக்கு இது நேரெதிர்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. தன் காணியைத் தான் விரும்பியவருக்கு விற்க முடியாதென்றால் அது என்ன உடைமை? வெளியாளை ஊருக்குள் விடாமல் தடுக்கவும், சாதிக்குள்ளேயே நிலத்தை வைத்திருக்கவும் இந்த உரிமை உதவியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் விலை அடிபடும் என்ற வாதம் அவ்வளவு வலுவானதன்று. முன்னுரிமை கோருபவர் இனாமாகக் கேட்கவில்லை. வெளியார் தரும் விலையையோ சந்தை விலையையோ அவரும் கட்டத்தான் வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அயல்காணிக்காரரை நீக்கி, உரிமையைப் பங்காளிகளோடும் உரித்தாளரோடும் நிறுத்தியது. என் பார்வையில் அது சரியான வெட்டு. வேலி தொட்ட உறவைவிடப் பங்கு தொட்ட உறவே விற்பனையைக் குழப்புவது.

ஒரு யாழ்ப்பாண உறுதியின் காணி விபரத்தை வாசித்தால் அந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நாலெல்லை, வீடு எல்லாம் சொன்ன பிறகு கடைசியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பங்கும் வரும். மூன்று சகோதரருக்கு ஒரே கிணறு, ஒருவர் விற்கிறார், பங்கு எழுத மறந்துவிட்டது. சுண்ணக்கல் நிலமான, ஆறில்லாத ஊரில் அது வீட்டை விற்றுத் தண்ணீரை விற்காமல் விட்டதற்குச் சமம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனை செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் சொன்னது. ஆனால் எழுத்துக்கு வந்துவிட்டதால் மட்டும் எழுதாமல் விட்டது சரியாகிவிடாது.

இந்த வழமை முழுவதும் போற்றத்தக்கது என்று சொல்ல வரவில்லை. மணமான பெண் தன் சீதன வீட்டை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுச் சட்டம். அவர் இல்லையென்றாலோ மறுத்தாலோ நீதிமன்றம் ஏற வேண்டும். போரில் கணவர் காணாமற்போன பெண்களுக்கு இது எத்தகைய சுமை என்பதை விளக்கத் தேவையில்லை. பங்காளிக்கு அறிவிப்பது வேறு, கணவரிடம் அனுமதி கேட்பது வேறு. முன்னதைக் காக்கப் பின்னதையும் காக்க வேண்டியதில்லை.

பங்காளிகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, அற்றோணித் தத்துவம் பெற்ற ஒருவர் ஊரில் வீட்டை விற்கும் காலம் இது. அறிவித்தல் இல்லாமல் நடந்த விற்பனையை முன்னுரிமைக்காரர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அந்த வழக்கில் வாங்கியவரும் சேர்ந்து அலைவார். விற்க நினைப்பவர்கள் முற்பணத்தில் கைவைக்குமுன் நொத்தாரிசு மூலம் எல்லாப் பங்காளிக்கும் அறிவித்தல் அனுப்பிவிடுங்கள்.