ஊற்றுச் சுண்ணப்பாறையின் நுண்புரைகள்: பாதரச வளைகோடு எதை அளக்கிறது?

ஊற்றுநீர் படியவைத்த சுண்ணப்பாறைகளை ஆராய்வோர், பாதரச ஊடுருவல் முறையில் கிடைக்கும் வளைகோட்டைப் 'புரை அளவுப் பரவல்' என்று தலைப்பிட்டு வெளியிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வளைகோடு காட்டுவது புரைகளுக்குள் நுழையும் வழிகளின் அகலத்தை. புரையும் வழியும் ஏறக்குறைய ஒத்த அளவில் அமைந்த மணற்கல்லில் இந்தக் குழப்பத்தால் பெரிய கேடில்லை. டிராவெர்டைன் எனப்படும் இந்த ஊற்றுப் பாறையில் அது முடிவையே திரித்துவிடுகிறது என்பது என் வாதம்.

ரோமுக்குக் கிழக்கே திவோலியை அடுத்த ஆக்வே ஆல்பூலே வடிநிலத்துக் கல்லை எடுத்துக்கொள்வோம். கொலோசியம் எழுந்தது இந்தக் கல்லால்தான். நிலத்தடியிலிருந்து வெளிவரும் நீர் கரியமில வாயுவை இழக்கும்போது கால்சைட் படிகிறது. நீர் விரைந்தோடும் சரிவில் இறுகிய படிகப் பொருக்கு உண்டாகிறது. அமைதியான குட்டையில் குறும்புதர் போன்ற கிளைவடிவங்கள் வளர்கின்றன. இப்புதர்களை பாக்டீரியாக்கள் கட்டியவை என்று சாஃபெட்சும் ஃபோக்கும் 1984இல் விளக்கினர். அந்த விளக்கத்தை ஏற்காதோரும் உண்டு. மக்கிப்போன நாணல் தண்டுகள் சென்டிமீட்டர் அகலக் குழாய்களை விட்டுச்செல்கின்றன. புதர்களின் கருத்த உட்பகுதியிலோ சில மைக்ரோமீட்டர் அளவுப் படிகங்களுக்கிடையே ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த இடைவெளிகள் இருக்கின்றன. உள்ளங்கை அகலத் துண்டொன்றிலேயே புரைகளின் விட்டம் ஒரு லட்சம் மடங்கு வேறுபடக்கூடும்.

பாதரசம் கல்லில் ஒட்டாது. அழுத்தினால்தான் உள்ளே புகும். 1921இல் வாஷ்பர்ன் தந்த சமன்பாட்டின்படி, அது புகக்கூடிய வழியின் விட்டம் அழுத்தத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.485 நியூட்டன், தொடுகோணம் 140 பாகை என்ற வழக்கமான மதிப்புகளைக் கொண்டால், 0.1 மெகாபாஸ்கலில் அந்த விட்டம் சுமார் 15 மைக்ரோமீட்டர். 414 மெகாபாஸ்கலில் சுமார் 3.6 நானோமீட்டர். புரை ஒவ்வொன்றும் நேரான குழாய் என்று இச்சமன்பாடு கொள்கிறது. உண்மையில் பல புரைகள் குடம் போன்றவை: வயிறு எவ்வளவு பெரிதானாலும் நுழைவது கழுத்தின் வழியேதான். 200 மைக்ரோமீட்டர் குமிழறை ஒன்றுக்கு 0.5 மைக்ரோமீட்டர் வழி மட்டுமே இருந்தால், ஏறக்குறைய 3 மெகாபாஸ்கல் அழுத்தம்வரை அது காலியாகவே கிடக்கும். பிறகு அதன் கொள்ளளவு முழுவதும் 0.5 மைக்ரோமீட்டர் கணக்கில் விழும். மறுபுறம், சிறு சில்லின் மேற்பரப்பில் திறந்திருக்கும் நாணல் துளைகளைப் பாதரசம் தொடக்கத்திலேயே நிரப்பிவிடுகிறது. அவை கல்லுக்கு வெளியிலுள்ள இடமாகவே எண்ணப்படுகின்றன. இரண்டு பிழைகளும் ஒரே திசையில் செல்கின்றன, இதுதான் கவலை தருவது: பெரும்புரை குறைகிறது, நுண்புரையின் பங்கு ஊதிப்பெருக்கிறது. ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று ஆறுதல் கொள்ள வழியில்லை.

அழுத்தத்தைக் குறைக்கையில் எவ்வளவு பாதரசம் உள்ளேயே சிக்குகிறது என்று பார்த்து இதைத் திருத்தலாமென்பர். வயிற்றுக்கும் கழுத்துக்கும் வேறுபாடு பெரிதா என்பதை அது உணர்த்தும், அளவைச் சொல்லாது.

எக்ஸ்கதிர் நுண் சிடி படமும் தனியே போதாது. 2000 படப்புள்ளி அகலமுள்ள உணரியில் 1 சென்டிமீட்டர் மாதிரியின் ஒரு புள்ளி 5 மைக்ரோமீட்டர். ஒரு புரையை நம்பிக் குறிக்க இரண்டு மூன்று புள்ளிகளாவது வேண்டும். அதற்கும் சிறியவை வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். எந்த நிற எல்லையை வைக்கிறோமோ அதற்கேற்பப் புரைமை ஏறும், இறங்கும். மாதிரியை உலர்ந்த நிலையில் ஒருமுறையும், எக்ஸ்கதிரை நன்கு உறிஞ்சும் அயோடைடு உப்புக் கரைசலில் ஊறவைத்து மறுமுறையும் படமெடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதே நேர்மையான வழி. கண்ணால் பிரித்தறிய முடியாத நுண்புரையும் அப்போது புள்ளிதோறும் எண்ணாகிறது.

அதனோடு ஹீலியம் அளவீடும் வேண்டும். வாயு எட்டிய கொள்ளளவு அதில் கிடைக்கும். அடைபட்ட குமிழ்கள் தப்பிவிடும். முழு உருளையின் திண்ம அடர்த்தி 2.66ஆகவும் அதே கல்லைப் பொடித்தபின் 2.71ஆகவும் வந்தால், திண்மமாக எண்ணப்பட்டதில் ஏறக்குறைய 1.8 விழுக்காடு மூடிய வெற்றிடம். பொடிக்காமல் கால்சைட்டின் நூல்மதிப்பை அப்படியே எடுப்பது ஆபத்து. வெந்நீர் ஊற்றுப் படிவில் 2.93 அடர்த்தியுள்ள அரகோனைட்டும் கலந்திருக்கலாம்.

பாதரச முறையைக் கைவிடச் சொல்லவில்லை. ஈரமான கல் உலரும்போது நீரை வெளியேற விடுவதும் தடுப்பதும் கழுத்துகளே. பழங்கட்டடக் காப்பாளருக்கு அந்த வளைகோடு நேரடியாகவே பயன்படும். பிரேசிலின் சாந்தோஸ் வடிநிலத்தில் உப்புப் படுகைக்குக் கீழே 2006இல் டூப்பி எண்ணெய் வயல் கண்டறியப்பட்டபின், துருக்கியின் தெனிஸ்லி வடிநில டிராவெர்டைன் குவாரிகள் அத்தகைய பாறைகளுக்கு ஒப்புமையாக ஆராயப்படுகின்றன. இரண்டின் பிறப்பும் ஒன்றா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, அங்கே கேள்வி வேறு. நுண்புரைகள் உப்புநீரைப் பிடித்துவைத்து மின்னோட்டத்தைக் கடத்துகின்றன. எனவே பெரும்புரைகளில் எண்ணெய் நிறைந்திருந்தாலும் மின்தடை அளவீடு நீரே அதிகம் என்று சொல்லக்கூடும். இதைத் திருத்த நுண்புரையின் உண்மையான கொள்ளளவு தேவை. கழுத்தின் விட்டம் அதைத் தராது. தெனிஸ்லியில் மாதிரி எடுப்போர் படிகப் பொருக்கு, புதர், நாணல் என இழையமைப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கழித்தற்படத்தையும் ஹீலியம் மதிப்பையும் பாதரச வளைகோட்டின் அருகிலேயே அச்சிட வேண்டும்.