மோதிர விரல் இல்லாத உடல்: அசைவுப் பதிவின் வழியே பள்ளியில் நடனமும் காட்சிக் கதையும்

விரல்களை ஒட்ட நீட்டிக் கட்டை விரலை மடக்கினால் பதாகம். அதிலேயே மோதிர விரலையும் மடக்கினால் திரிபதாகம். அபிநய தர்ப்பணம் முன்னதற்கு மேகம், காடு, இரவு, ஆறு முதலிய பொருள்களையும் பின்னதற்கு மகுடம், மரம், அம்பு முதலியவற்றையும் வகுத்திருக்கிறது. ஒரு விரலில் பொருள் மாறும் கலை இது. இன்று ஒரு பள்ளி அதிகச் செலவில்லாமல் அசைவுப் பதிவில், அதாவது மோஷன் கேப்சரில், இறங்க நினைத்தால் கைப்பேசிக் கேமராவையும் கூகுளின் மீடியாபைப் போன்ற இலவச மென்பொருளையும்தான் நாடும். மீடியாபைப்பின் உடல்நிலை மாதிரி மனித உடலை 33 புள்ளிகளாகக் காண்கிறது. மணிக்கட்டைத் தாண்டினால் ஒவ்வொரு கைக்கும் மூன்றே புள்ளிகள்: கட்டை விரல், ஆட்காட்டி விரல், சுண்டு விரல். மோதிர விரலுக்குப் புள்ளி கிடையாது. மாணவி மகுடம் பிடித்தாலும் மேகம் பிடித்தாலும் திரையில் எழும் எலும்புருவத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கைகளுக்கென்று 21 புள்ளிகள் கொண்ட தனி மாதிரி இருக்கிறதே, அதைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று தொழில்நுட்ப ஆசிரியர் சொல்வார். சேர்க்கலாம். ஆனால் உடனே சேர்த்துவிடக் கூடாது என்பது என் வாதம். பள்ளிக்கூடத்தில் அசைவுப் பதிவு தரும் கல்வி, அது பிடித்து வைப்பதில் இருப்பதைக் காட்டிலும் அது நழுவவிடுவதில் அதிகம் இருக்கிறது. எது விடுபட்டது என்று கண்டுபிடித்து, அதை அனிமேஷன் உருவத்துக்கு எந்த வழியில் திருப்பித் தருவது என்று முடிவெடுக்கும்போது மாணவர் நடனத்தையும் காட்சிக் கதைசொல்லலையும் ஒருசேரக் கற்கிறார். அதே கருவியை, மாணவரின் உடலைக் குருவின் பதிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் தராசாக வைத்துக்கொண்டால் இரண்டுமே கைநழுவிப் போகும்.

அனிமேஷன் வரலாறு இதற்குத் துணை நிற்கிறது. மாக்ஸ் ஃப்ளைஷர் 1917இல் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப், ஆளைப் படம்பிடித்து அதன் ஒவ்வொரு சட்டகத்தையும் பார்த்துக் கோடு இழுக்கும் ஏற்பாடு. அசைவுப் பதிவின் நேர் மூதாதை அதுதான். ஃப்ளைஷர் கூடத்திலிருந்து 1932இல் வந்த ‘மின்னி தி மூச்சர்’ குறும்படத்தின் தொடக்கத்தில் ஜாஸ் பாடகர் கேப் காலவே நேரில் தோன்றி ஆடுகிறார். சற்றுப் பின்னால் அதே ஆட்டம் ஒரு வால்ரஸ் பேயின் பருத்த உடலில் ஏறிக்கொள்கிறது. முகமில்லை, கால்சட்டையில்லை, மனித வடிவமே இல்லை. என்றாலும் ஆடுவது காலவேதான் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. ஐந்தாண்டு கழித்து வந்த டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வேறொரு பாடம். லாஸ் ஏஞ்சலஸில் நடனப்பள்ளி நடத்திய எர்னஸ்ட் பெல்ச்சரின் மகள் மார்ஜ், தன் பதின்பருவத்தில் அந்த இளவரசிக்காகக் கேமரா முன் ஆடினார். அந்தப் படச்சுருளை அப்படியே நகலெடுத்தால் உருவம் விறைத்துப் போவதை ஓவியர்கள் கண்டார்கள். அளவுகளை மாற்றினார்கள், சில அசைவுகளைக் கூட்டினார்கள், சிலவற்றை விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு படங்களிலிருந்தும் சில நிமிடங்களை ஒரே பாடவேளையில் காட்டிவிட்டால், கருவிக்கு வேறு முன்னுரை வேண்டியதில்லை.

மெர்ஸ் கன்னிங்ஹாம் 1999இல் மேடையேற்றிய ‘பைபெட்’ இந்த மரபின் உச்சங்களில் ஒன்று. ஆடுபவர்களின் பதிவைப் பால் கைசரும் ஷெல்லி எஷ்கரும் கையால் இழுத்த கோடுகள் போன்ற உருவங்களாக்கி, மேடையின் முன் தொங்கிய மெல்லிய திரையில் விழச் செய்தார்கள். பதிவான உடலுக்குத் தோலும் தசையும் பூச அவர்கள் முயலவே இல்லை. கைசர் அதற்கு முன் கடுமையான கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவர் என்பதைக் கலை விமர்சகர்கள் அடிக்குறிப்பாகவே கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது அடிக்குறிப்பாகப் படவில்லை.

விடுபடுதல் எவ்வளவு, மிஞ்சுவது எவ்வளவு என்பதை உளவியல் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அளந்து பார்த்திருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னர் யொஹான்சன், மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி ஆட்களைப் படம்பிடித்து 1973இல் தன் ஆய்வை வெளியிட்டார். படத்தை நிறுத்தி வைத்தால் ஏதோ சிதறிய புள்ளிகள். ஓடவிட்ட மறுகணம் ஓர் ஆள் நடக்கிறார். அசைவு இருக்கும்வரைதான் அங்கே உடல் இருக்கிறது. நடனம் பயில்வோருக்கு இது பழக்கமான சிக்கல். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்துச் சுற்றுப்பாதையில் 81 கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சிய 27க்கான கற்கள் வெறுமையாக நிற்கின்றன. செதுக்கிய ஒவ்வொன்றும் ஓர் ஓட்டத்தின் ஒரு நொடி மட்டுமே. கரணம் என்பது நின்ற நிலையன்று, அசைவின் அலகு என்று பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வுகளில் வற்புறுத்தியதும் இதையே. ஆகவே முதல் பயிற்சியை இப்படி வைக்கலாம்: மாணவர் தாம் ஆடிய பத்து நொடிப் பதிவை ஓட்டிப் பார்த்து, அதில் கல்லில் செதுக்கத் தகுந்த ஒரே ஒரு சட்டகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் அது, ஏன் அதற்கு முந்தியதில்லை என்று சொல்லவும் வேண்டும். சித்திரக்கதை வரைபவரும் அனிமேஷன் கலைஞரும் நாள்தோறும் எடுக்கும் முடிவு இது.

யொஹான்சனுக்குப் பின் ஸ்வெர்க்கர் ரூனேசனும் குன்னர் ஃப்ரைக்ஹோல்மும் 1980களின் தொடக்கத்தில் செய்த சோதனைகள் பள்ளிக்கு இன்னும் நெருக்கமானவை. பெட்டியைத் தூக்குபவரின் ஒளிப்புள்ளிகள் மட்டும் திரையில் தெரிகின்றன, பெட்டி தெரியாது. பார்த்தவர்கள் பெட்டியின் எடையைக் கணிசமான துல்லியத்தோடு சொன்னார்கள். இலேசான பெட்டியைக் கனமானதுபோல நடித்துத் தூக்கியபோதும் பார்வையாளர் முழுக்க ஏமாறவில்லை. நடிப்பையும் உண்மை எடையையும் பிரித்து உணர்ந்தார்கள். அபிநயம் கற்பிப்பவர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். நம் நாட்டியத்தில் தண்ணீர்க்குடம் எடுக்காத பெண் பாத்திரம் அரிது. அந்தக் குடம் எப்போதும் காற்று. மாணவியை முதலில் நிறைகுடத்தை உண்மையாகவே தூக்கி இடுப்பில் வைக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அடுத்து வெறுங்கையால். இரண்டு புள்ளித்தொகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால், வெறுங்கையில் இடுப்பு எதிர்ப்புறம் சாயாததும், தூக்குவதற்கு முன் முழங்கால் வாங்கிக்கொள்ளாததும், குடம் ஏறிய கணத்தில் மறுகை தன்னிச்சையாக விலகாததும் வகுப்புக்கே தெரிந்துவிடும். “பாவம் பத்தவில்லை” என்று ஆசிரியர் சொல்லும்போது விளங்காத ஒன்று இங்கே இடுப்பெலும்பின் சாய்வாக விளங்குகிறது. முகமும் உடையும் நகையும் இருந்திருந்தால் வகுப்பு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். கருவி அவற்றை எறிந்ததனால் கிடைத்த பாடம் இது.

கருவி எறிவதெல்லாம் இப்படி நன்மையில் முடியும் என்று நான் சொல்லவில்லை. தட்டடவை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 தாளத்தில் மூன்றாம் காலம் என்றால் நொடிக்கு நான்கு தட்டு. நொடிக்கு 30 சட்டகம் பிடிக்கும் கேமராவுக்கு ஒரு தட்டுக்கு ஏழெட்டுச் சட்டகங்களே கிடைக்கும்; பாதம் தரையை அறையும் கணம் அதில் ஒன்றோ இரண்டோ. இதன் மேல், புள்ளிகளின் நடுக்கத்தை அடக்க மென்பொருள் ஒரு வடிகட்டியைப் போடுகிறது. திடீர்த் திருப்பம் எல்லாமே அதற்கு நடுக்கம்தான். விளைவாக உருவம் தரைக்குச் சற்று மேலே மிதந்து, பாதம் வழுக்கி, அடவு கரைந்துபோகிறது. சதங்கை ஒலியைத் தனியே பதிந்து, அந்த ஒலி விழும் சட்டகத்தில் பாதத்தைக் கையால் தரையோடு பூட்டும் வேலையை மாணவரிடமே விடலாம். பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளில் அது கடினமில்லை. தாளம் காதில் இல்லாதவரால் அதைச் செய்ய முடியாது என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

கதைசொல்லலுக்கு வருவோம். பரதநாட்டியத்தில் ஒருவரே யசோதையாகவும் கண்ணனாகவும் மாறி ஆடும் ஏகாஹார்ய அபிநயம் அசைவுப் பதிவுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஒரே மாணவி இருமுறை ஆடிப் பதிந்தால் திரையில் தாயும் பிள்ளையும் ஒருசேர நிற்பார்கள். இங்கேதான் வகுப்பு முதல் அதிர்ச்சியைச் சந்திக்கும்: இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. மேடையில் தாயாக இருக்கும்போது அவள் தாழ்ந்த ஓரிடத்தைப் பார்க்கிறாள், பிள்ளையானதும் உயர்ந்த ஓரிடத்தைப் பார்க்கிறாள். இடையே உடலைத் திருப்பி மாற்றத்தை உணர்த்துகிறாள். இரு பார்வைகளும் அளவில் பொருந்துகின்றனவா என்று யாரும் சரிபார்த்ததில்லை, சபையோர் மனமே பொருத்திக்கொள்ளும். அனிமேஷன் உலகத்தில் இரண்டு உருவங்களையும் நிறுத்திப் பார்த்தால் யசோதையின் பார்வை கண்ணனின் தலைக்கு ஒரு முழம் மேலே போகிறது. திருத்த வழிகள் பல. பார்க்கும் இடத்தில் பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நாற்காலி போட்டு மறுபடி ஆடலாம். உருவத்தின் தலையைப் பின்னர் திருப்பலாம். அல்லது இருவரையும் ஒரே காட்சியில் காட்டாமல் மாற்றி மாற்றிக் காட்டலாம். முதலாவது நடிகரின் தீர்வு, இரண்டாவது அனிமேஷன் கலைஞரின் தீர்வு, மூன்றாவது படத்தொகுப்பாளரின் தீர்வு. மூன்றையும் செய்து பார்க்கும் மாணவர், மேடையில் ஏகாஹார்யம் எதை நம்பி நிற்கிறது என்பதையும் அறிந்துகொள்கிறார்.

கேமராவும் அப்படியே. திரைப்படத்தில் கோணத்தை முடிவுசெய்த பிறகுதான் நடிப்பு பதிவாகும். அசைவுப் பதிவில் ஆட்டம் முதலில் முடிந்துவிடும், கோணம் பிறகு. ஒரே ஆட்டத்தைச் சபைமுன்னிருந்தும், மேலிருந்தும், யசோதையின் தோளுக்குப் பின்னிருந்தும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். முன்னோக்கிய சபைக்கென்றே வளர்ந்த அடவு பக்கவாட்டில் என்னவாகிறது, அரைமண்டியின் அழகு எந்தக் கோணத்தில் இல்லாமல் போகிறது என்பது அப்போது வெளிப்படும். சில அடவுகள் பக்கவாட்டில் பரிதாபமாக இருக்கும். அதை மாணவர்கள் சிரித்துக்கொண்டே கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்கட்டும்.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. பல பள்ளிகளில் நடன ஆசிரியரே இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை கலையைப் பாடங்களோடு இணைக்கச் சொல்கிறது, இணைக்க ஆள் வேண்டும். அப்படியிருக்க, நல்ல குருவின் பதிவை வைத்து மாணவரின் முழங்கால் கோணத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் இல்லாததற்கு மேல்தானே என்பது அந்த வாதம். உடற்பயிற்சிக்கு அது பொருந்தலாம். நடனத்தில் அது அளக்கக்கூடியதை மட்டும் பாடமாக்கிவிடும். கோணம் அளக்கப்படும், எடை, தயக்கம், பார்வை அளக்கப்படா. மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கே பிள்ளைகள் போவார்கள். ஒரு பருவம் முடிவதற்குள் கேமராவுக்குப் பிடித்தபடி ஆடப் பழகிவிடுவார்கள். மேலும் குருவின் கை நீளமும் கால் நீளமும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இல்லை. ஓர் உடலின் அசைவை வேறு அளவுள்ள உடலுக்கு மாற்றும்போது கூப்பிய கைகள் ஒன்றையொன்று ஊடுருவுவதும் தொட வேண்டிய இடத்தில் விலகி நிற்பதும் அனிமேஷன் கூடங்களில் அன்றாடத் தலைவலி. அந்தத் தலைவலியை மாணவரின் பிழையாகக் கணக்கெழுதும் மென்பொருளைப் பள்ளிக்குள் விடுவது நியாயமாகாது.

பதிவு யாருடையது என்ற கேள்வியையும் ஒத்திப்போட முடியாது. ஜேம்ஸ் கட்டிங், லின் கொஸ்லோவ்ஸ்கி இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிப்புள்ளிகளாக மட்டும் தெரிந்த நடையைக் கொண்டே நண்பர்கள் ஒருவரையொருவர் தற்செயலை மிஞ்சிய அளவில் அடையாளம் கண்டார்கள். முகம் இல்லாததால் இது பெயரற்ற தரவு என்று நிறுவனங்கள் சொல்வதை இந்த ஒரு முடிவே அசைத்துவிடும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் படிவத்தோடு நிறுத்தாமல், பதிவுக் கோப்புகளைப் பள்ளிக் கணினியிலேயே வைத்து, ஆண்டு முடிவில் மாணவர் கையில் கொடுத்துவிட்டு அழிப்பது நல்லது. தன் நடையைத் தானே வைத்திருப்பது பிள்ளைக்குப் பிடிக்கவும் செய்யும்.

மதிப்பீட்டில் முடிவான படத்துக்குக் குறைந்த பங்கே தர வேண்டும் என்பேன். படம் நன்றாக வந்தது கணினியின் வேகத்தாலா மாணவரின் கண்ணாலா என்று பிரிக்க இயலாது. பெரும்பங்கு ஒரு குறிப்பேட்டுக்குப் போகட்டும்: பதிவில் எது காணாமற்போனது, அதை எதைக் கொண்டு ஈடுசெய்தேன், எதை ஈடுசெய்யாமல் விட்டேன், ஏன். அதைப் படித்துத் திருத்த நடனம் தெரிந்த ஒருவரும் அனிமேஷன் தெரிந்த ஒருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும். கணினி ஆய்வகம் ஒரு தளத்திலும் கலை வகுப்பு வாரக் கடைசிப் பாடவேளையிலும் இருக்கும் பள்ளியில், உணரி பொருத்திய உடைகள் வாங்குமுன் தலைமையாசிரியர் திருத்த வேண்டியது கால அட்டவணையைத்தான்.