படையின் ஏணிப்படிகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருந்த அரசாங்க லிகிதர் ஒருவருக்குத் தாம் இளைப்பாறும் காலம் முன்கூட்டியே தெரிந்திருக்கும். பதவியுயர்வு கிட்டாவிடினும் அவர் தம் மேசையிலேயே வயதெல்லைவரை இருந்துவிடலாம். படை அதிகாரிக்கு இவ்வசதி இல்லை. பிரித்தானிய மரபைப் பின்பற்றிய படைகளில் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி வயதெல்லை உண்டு. உரிய காலத்துள் மேஜராகாத கப்டன், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயதிலேயே வீடு திரும்ப நேரும். போர்த்தொழில் இளமையை வேண்டுவது. மேலே செல்லச் செல்ல இடங்களும் சிலவே. ஆகவே ஒருவர் இறங்கினாலன்றி மற்றவர் ஏற முடியாது.

1949 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் நாள் இலங்கைத் தரைப்படை நிறுவப்பட்டபோது இந்த ஏணி ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. கேத்னஸ் பிரபுவும், அவருக்குப்பின் சேர் பிரான்சிஸ் றீட்டும் ஆகிய இரு பிரித்தானியர் அதன் உச்சியில் இருந்தனர். 1955 பெப்ரவரியில் அவ்விடத்துக்கு வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். கொழும்பு சூசையப்பர் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்டிலும் பயின்று பாரிஸ்டரான அவர், தொண்டர் படை அதிகாரியாய்த் தொடங்கிப் படைத்தலைமையை அடைந்த முதல் இலங்கையர். அவருக்குப்பின் இன்றுவரை தமிழர் எவரும் அப்பதவியை அடையவில்லை என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

1959 முடிவில் அவர் இளைப்பாறினார். அப்பொழுது அவருக்கு வயது 51. லிகிதராயிருப்பின் இன்னும் சில ஆண்டுகள் கோவைகளைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். அவரோ பின்னர் இராசதந்திரியாய் வெளிநாடுகளில் பணியாற்றினார். அவர் இறங்கியதும் ஜெரார்ட் விஜயக்கோன் தலைமையேற்றார். அவர் விட்ட இடத்துக்கும், அதற்கடுத்த இடத்துக்கும் ஆள் வேண்டியதாயிற்று. ஒருவரின் பிரிவுபசாரம் பலருடைய பதவியுயர்வாகிறது.

கடற்படையில் நிகழ்ந்தது வேறு. அங்கு 1960 இல் றோயிஸ் டி மெல் பதவியிலிருந்து நீங்க, ராஜன் கதிர்காமர் என்ற மற்றொரு தமிழர் தலைமையேற்று 1970 வரை நீடித்தார். தலைவர் பத்தாண்டு அமர்ந்தால் படைக்கு உறுதி கிடைக்கும் என்பது மெய்யே. ஆனால் கீழே நிற்போர் வயதெல்லையை எண்ணிக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

இளைப்பாறிய அதிகாரிக்குச் சீருடை போய்விடுகிறது. பழைய தோழமை போவதில்லை. 1962 சனவரியில் அரசைக் கவிழ்க்க முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேருள் பணியிலிருந்த அதிகாரிகளோடு டி மெல்லும் ஒருவர். பதினொருவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. எனினும் இச்சம்பவத்தின்பின், ஓர் அதிகாரி யாருடைய மனிதர் என்ற கேள்வி, அவர் எத்தனை ஆண்டு சேவித்தார் என்ற கேள்வியுடன் சேர்ந்தே எழலாயிற்று. சட்டப்படி அதிகாரியின் ஆணைப்பத்திரம் அரசுத்தலைவர் விரும்பும்வரையே செல்லும். முன்பு மகாதேசாதிபதியும் பின்பு ஜனாதிபதியும் அந்த அதிகாரத்தைக் கையாண்டனர். வயதெல்லை வந்த தளபதிக்குச் சேவை நீடிப்பு அளிப்பதும் மறுப்பதும் அங்கேயே தீர்மானமாகின்றன. அந்த ஒரு கையொப்பத்துக்காகக் கீழ்ப்படியில் நிற்கும் பிரிகேடியர்களும் காத்திருக்கின்றனர்.