வாழ்நாள் வளர்ச்சி மனோதத்துவம்

கருவில் உருவான நாள் முதல் மரண பரியந்தம் மனிதனுடைய அறிவு, உணர்ச்சி, சுபாவம், பிறரோடு கொள்ளும் உறவு ஆகியவற்றில் எவை மாறுகின்றன, எவை நிலைத்து நிற்கின்றன, அவற்றுக்குக் காரணம் யாது என்று ஆராயும் சாஸ்திரம் வாழ்நாள் வளர்ச்சி மனோதத்துவம் எனப்படும். வளர்ச்சி என்பது பாலியத்துக்கும் வாலிபத்துக்கும் மட்டுமே உரியது, அதன் பின்னர்ச் சில காலம் சமநிலையும் கடைசியில் தேய்வுமே எஞ்சுகின்றன என்னும் அபிப்பிராயம் பண்டிதர், பாமரர் இரு சாராரிடமும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. இதனை அசைத்தவர்கள், ஒரே மனிதர்களைப் பல்லாண்டுகள் பொறுமையோடு பின்தொடர்ந்து, வயதினால் விளைவது எது, பிறந்த காலத்தின் சூழ்நிலையால் விளைவது எது என்று பிரித்தறியக் கற்றுக்கொண்ட ஆராய்ச்சியாளர்களே. இத்துறையின் மெய்யான வெற்றி பருவங்களுக்குப் பெயரிட்டதில் இல்லை. இந்தப் பிரித்தறிதலில்தான் இருக்கிறது.

வாழ்நாளைப் பருவங்களாக வகுக்கும் வழக்கம் மிகப் பழையது. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், ஐந்தாம் மாதத்துக் குழந்தை கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலை நிமிர்ந்து அசைவதைச் செங்கீரைப் பருவமாகத் தனியே பிரித்துக் கண்டது அவர்களுடைய நோக்கின் நுட்பத்துக்குச் சான்று. ஆயினும் அவர்கள் கருதியது பாட்டுடைத் தலைவரைப் போற்றுவதே. ஐரோப்பாவில், மனித இயல்பு பிறப்பு முதல் முதுமை வரை விரிந்து செல்லும் விதத்தை 1777-இல் யோஹன் நிக்கோலாஸ் டெட்டென்ஸ் என்னும் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் விரிவாக எழுதினார். பெல்ஜியத்துப் புள்ளியியல் வல்லுநராகிய கெட்டலே, 1835-இல் வெளியிட்ட நூலில் உடல் வலிமை முதலியவை வயதோடு மாறும் முறையைக் கணக்கிட்டுக் காட்டினார். இவ்விருவரும் காலத்துக்கு மிக முந்தியவர்கள். இவர்களுடைய கருத்தை ஏற்று வளர்ப்பதற்கு உடனடியாக ஒருவரும் வரவில்லை.

குழந்தையை நேரில் கண்டு குறிப்பெழுதும் முறைக்குப் பெருமை சேர்த்தவர் சார்லஸ் டார்வின். 1839-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி எழுதிவைத்திருந்த குறிப்புக்களை, 37 ஆண்டுகள் கழித்து, 1877-இல் ஒரு சஞ்சிகையில் அவர் வெளியிட்டார். குழந்தை பிறந்த ஏழாம் நாள் அதன் உள்ளங்காலைக் காகிதத் துண்டொன்றால் தொட்டபோது, அது காலை வெடுக்கென்று இழுத்து விரல்களைச் சுருக்கிக்கொண்டது என்பது அக்குறிப்புக்களில் ஒன்று. அற்பமாகத் தோன்றும் இச்செய்தியில், ஊகத்தை ஒதுக்கிவிட்டுக் கண்டதை மட்டுமே பதிவு செய்யும் ஒழுங்கு இருக்கிறது. ஐந்தாண்டுகளுக்குப் பின், வில்ஹெல்ம் பிரேயர் தம் மகனை முதல் மூன்று வயது வரை நாள் தவறாமல் கவனித்து எழுதிய பெருநூல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஸ்டான்லி ஹால் 1904-இல் குமரப் பருவத்தைப் பற்றி எழுதி, தம்முடைய முதுமையில், 1922-இல், முதுமையைப் பற்றியே ஒரு நூல் செய்தார். வியன்னாவில் சார்லோட் பூலர் 1933-இல் மனிதனுடைய வாழ்க்கைப் போக்கு முழுவதையும் ஒரே மனோதத்துவப் பிரச்சினையாகக் கொண்டு ஆராய்ந்தார். எனினும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இத்துறையினரின் கவனம் குழந்தையின் மீதே குவிந்திருந்தது.

அக்கவனத்தின் சிகரம் என்று சுவிட்சர்லாந்து தேசத்து ழான் பியாஜேயை (1896–1980) சொல்ல வேண்டும். தம் மூன்று குழந்தைகளை அவர் மிக நெருங்கிக் கவனித்தார். ஆறேழு மாதக் குழந்தை கை நீட்டி எடுக்கப்போகும் பொம்மையைத் துணியால் மூடிவிட்டால், அது துணியை விலக்கித் தேடுவதில்லை. அப்பொருளே இல்லாமற் போய்விட்டதுபோல வேறுபக்கம் திரும்பிவிடுகிறது. கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் இருக்கிறது என்னும் அறிவு நமக்கு இயல்பாகவே அமைந்தது என்று நாம் எண்ணியிருக்க, அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளில் படிப்படியாகச் சம்பாதிக்கப்படுவதே என்று பியாஜே காட்டினார். ஆறேழு மாதத்தைவிடச் சிறு குழந்தைகளுக்கும் அவர் நினைத்ததைக் காட்டிலும் அதிகம் தெரியும் என்று பிற்காலப் பரிசோதனைகள் பல கூறுகின்றன. வயதுக் கணக்கில் அவர் பிழைபட்டிருக்கலாம், ஆனால் அவர் எழுப்பிய கேள்வியின் பெருமை அதனால் குறைந்துவிடவில்லை. அவர் பிறந்த அதே 1896-இல் பிறந்து, 38 வயதுக்குள் மறைந்துபோன ருஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி, குழந்தை தனித்துக் கற்பதைக் காட்டிலும் மூத்தோர் துணையோடு செய்யக்கூடியதிலேயே அதன் வளர்ச்சியின் அடுத்த படி தெரிகிறது என்று வாதித்தார்.

அறிவைப் போலவே பாசத்தையும் பரிசோதனைக்கு உட்படுத்த முடியும் என்று காட்டியவர் மேரி எயின்ஸ்வொர்த். உகாண்டாவின் கிராமங்களில் தாய்மாரையும் சேய்களையும் பார்த்த அனுபவத்தோடு, பின்னர் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் அவர் ஒரு முறையை வகுத்தார். ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தையைத் தாயோடு பழக்கமில்லாத அறைக்கு அழைத்து வந்து, அந்நியர் ஒருவரை உள்ளே வரச் செய்து, தாயை இருமுறை வெளியே அனுப்பித் திரும்பி வரச் சொல்வார்கள். எல்லாம் சுமார் இருபது நிமிஷங்களில் முடிந்துவிடும். தாய் போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, அவள் திரும்பி வந்தபோது அது அவளை நாடித் தேறுதல் பெற்றதா என்பதே முக்கியமாகக் கவனிக்கப்பட்டது. இதே முறையை ஜப்பானிலுள்ள ஸப்போரோ நகரில் கையாண்டபோது, தேறுதல் பெறாமல் கதறிய குழந்தைகளின் தொகை மிகுந்திருந்தது. தாயைப் பிரிந்து தனித்திருக்கும் பழக்கமே அரிதாயிருந்த அக்குழந்தைகளுக்குச் சோதனை அளவுக்கு மீறிய கலக்கத்தைத் தந்தது என்பது ஏற்கத்தக்க விளக்கம். ஒரு நாட்டுச் சிசுவை அளக்கச் செய்த கோலை வேறொரு நாட்டுக்கு அப்படியே எடுத்துச் செல்வதிலுள்ள அபாயத்தை இது தெளிவாக்குகிறது.

பராமரிப்பே இல்லாவிட்டால் நேருவதை ருமேனியாவின் தலைநகராகிய புக்கரெஸ்ட் காட்டியது. அங்குள்ள அநாதை விடுதிகளில் வளர்ந்துவந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, 2000-க்குப் பிறகு வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஆராய்ந்தார்கள். குடும்பம் சேர்ந்தவர்கள் அறிவு வளர்ச்சியில் மேம்பட்டனர். ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன்பே சேர்ந்தவர்கள் மிகுந்த நன்மை அடைந்தனர். எஞ்சிய பாதிப்பேர் விடுதியில் விடப்பட்டது தர்மமா என்ற கேள்வி எழுந்ததும் நியாயமே. வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு அந்நகரில் அநேகமாக இல்லாதிருந்த காலம் அது, விடுதிக் குழந்தைகளுக்கும் பிற்பாடு இடம் கிடைத்தால் தடையில்லை என்று ஆராய்ச்சியாளர் விதித்துக்கொண்டனர் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

குழந்தைப் பருவத்தைக் கடந்து வாழ்நாள் முழுவதற்கும் ஒரு திட்டம் வரைந்தவர் எரிக் எரிக்ஸன் (1902–1994). 1950-இல் வெளியான நூலில் அவர் எட்டுப் பருவங்களைக் கூறி, ஒவ்வொன்றிலும் தீர்க்கப்பட வேண்டிய ஒரு நெருக்கடி உண்டென்றார்: சிசுவுக்கு நம்பிக்கை, குமரப் பருவத்தினனுக்குத் தான் யார் என்னும் தெளிவு, நடுவயதினனுக்கு அடுத்த தலைமுறையைப் பேணும் பொறுப்பு, முதியவனுக்குத் தன் வாழ்வை முழுமையாக ஏற்றுக்கொள்ளும் மனம் என அது செல்லும். இத்திட்டத்தை அளவைகளால் நிரூபிப்பது கடினம். ஆயினும் நடுவயதுக்கு வளர்ச்சிக் கடமையொன்று உண்டு என்ற எண்ணமே அன்று புதிது. அதை விளக்க அவர் தேர்ந்துகொண்ட மனிதர் காந்தியடிகள். 1918-இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்திய 48 வயதுக் காந்தியைப் பற்றி, அதில் பங்குகொண்டவர்களைச் சந்தித்து ஆராய்ந்து, 1969-இல் எரிக்ஸன் வெளியிட்ட நூல் புலிட்சர் பரிசு பெற்றது.

இத்துறையின் முறையியலில் திருப்பம் நேர்ந்தது புத்திசக்தியைப் பற்றிய விவாதத்திலேயாகும். ஒரே நாளில் பல வயதினரைச் சோதித்து ஒப்பிடுவது எளிய வழி. 1930-களில் நியூ இங்கிலாந்துக் கிராமங்களில் 10 முதல் 60 வயது வரை உள்ளவர்களை அவ்வாறு சோதித்தவர்கள், புத்திசக்தி இருபது வயதையொட்டி உச்சமடைந்து பிறகு இறங்குகிறது என்று முடிவு கட்டினர். ஆனால் அன்றைய அறுபது வயதினர் பள்ளிக்கூடத்தில் கழித்த ஆண்டுகள் குறைவு; குழந்தைப் பருவத்தில் கிடைத்த போஷாக்கும் வைத்தியமும் வேறு. எனவே அவர்கள் குறைவாக மதிப்பெண் பெற்றது முதுமையினாலா, முற்காலத்தில் பிறந்ததினாலா என்று அந்த முறையால் சொல்ல இயலாது. வார்னர் ஷையி என்பவர் 1956-இல் சியாட்டில் நகரில், 22 முதல் 70 வயது வரையுள்ள 500 பேரிடம் தொடங்கிய ஆராய்ச்சி இக்கேள்விக்கு விடை தேடியது. ஏழாண்டுக்கு ஒருமுறை பழையவர்களை மீண்டும் சோதித்ததோடு, ஒவ்வொரு தடவையும் புதியவர்களையும் சேர்த்துக்கொண்டார். அதன்மூலம் தெரியவந்தது என்னவெனில், ஒரே மனிதரைத் தொடர்ந்து பார்த்தால், சொல்லறிவும் பகுத்தாராயும் திறனும் நடுவயதில்தான் உச்சத்தை எட்டுகின்றன. பெரும்பாலோரிடம் அறுபதைத் தாண்டியே குறிப்பிடத்தக்க தேய்வு தெரிகிறது. வேகத்தை வேண்டும் ஆற்றல் மட்டும் இளமையிலேயே சரியத் தொடங்குகிறது. இம்முறைக்கும் குறைகள் உண்டு. நோயுற்றோரும் இறந்தோரும் விலகிவிட, திடமானவர்களே எஞ்சி நிற்பதால் முதுமை உள்ளதைவிட நல்லதாகத் தோன்றும்; ஒரே வினாக்களைப் பலமுறை கண்ட பழக்கமும் மதிப்பெண்ணை உயர்த்தும். வயது, பிறந்த ஆண்டு, சோதித்த ஆண்டு ஆகிய மூன்றில் இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானே நிர்ணயமாகிவிடுகிறது. ஆகவே மூன்றன் விளைவுகளையும் முற்றிலும் தனித்தனியாகப் பிரிக்கக் கணக்கினால் மட்டும் ஆகாது.

பிறந்த ஆண்டின் வலிமையைக் கிளென் எல்டர் 1974-இல் வெளியிட்ட நூலும் அதைத் தொடர்ந்த ஆராய்ச்சிகளும் மிகத் தெளிவாகக் காட்டின. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1920–21-இல் பிறந்த பிள்ளைகளையும், அடுத்துள்ள பெர்க்கிலியில் 1928–29-இல் பிறந்த பிள்ளைகளையும் வேறு காரணங்களுக்காக ஏற்கெனவே ஆராய்ந்து வைத்திருந்த ஏடுகளை அவர் புரட்டிப் பார்த்தார். 1929-க்குப் பின் வந்த பெரும் பொருளாதார மந்தத்தில் வருமானத்தில் 35 சதவீதமோ அதற்கு மேலோ இழந்த குடும்பங்களை அவர் தனியே பிரித்தார். ஓக்லண்டுப் பிள்ளைகள் அப்போது பத்து வயதைத் தாண்டியிருந்தனர். பையன்கள் சிறு வேலை செய்து சம்பாதிக்க, பெண்கள் வீட்டுக் காரியங்களைப் பொறுப்பேற்க, தம்மால் குடும்பத்துக்குப் பயன் உண்டு என்ற உணர்வோடு பலர் நன்றாகவே தேறினர். பெர்க்கிலிப் பையன்களோ, தகப்பனாரின் மனமுறிவும் வீட்டுச் சச்சரவும் மிகுந்த நாட்களில் கைக்குழந்தைகளாகவும் சிறுவர்களாகவும் இருந்தபடியால், குமரப் பருவத்தில் தன்னம்பிக்கையிலும் படிப்பிலும் பின்தங்கினர். அவர்களிலும் பலர் பிற்பாடு ராணுவ சேவையின் வாயிலாகத் தலையெடுத்தனர். வந்த துன்பம் ஒன்றேயாயினும், எட்டு வயது வித்தியாசம் அதன் பலனை மாற்றிவிட்டது.

நிலைத்து நிற்பவற்றின் பக்கத்துக்கும் ஓர் அரிய சான்று உண்டு. ஸ்காட்லாந்தில் 1921-இல் பிறந்து பள்ளியில் பயின்ற ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும், 1932-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி ஒரே அறிவுச் சோதனை நடத்தப்பட்டது; எழுதியோர் 87,498 பேர். மதிப்பெண் பேரேடுகள் எடின்பரோவில் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. இயான் டியரியும் அவருடைய சகாக்களும் அவற்றை மீட்டு, 1998-இல் அபர்தீனில் 101 பேரைக் கண்டுபிடித்து, பதினொரு வயதில் எழுதிய அதே வினாத்தாளை 77 வயதில் எழுத வைத்தார்கள். இரு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.63. முதுமையில் மனிதருக்குள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பாலியத்திலேயே தெரிந்துவிடுகிறது என்பது இதன் பொருள். எஞ்சிய மூன்று பங்கில் இடைப்பட்ட வாழ்க்கைக்கும் இடம் உண்டு.

வாழ்நாள் நோக்குக்குக் கொள்கை வடிவம் தந்தவர் ஜெர்மானியராகிய பால் பால்ட்டெஸ் (1939–2006). எந்தப் பருவத்திலும் லாபமும் நஷ்டமும் கலந்தே வருகின்றன, வயது ஏற ஏற நஷ்டத்தின் பங்கு கூடுகிறது என்றார் அவர். எண்பது வயதிலும் கச்சேரி செய்த பியானோ மேதை ரூபின்ஸ்டைன் அவருக்குப் பிடித்த உதாரணம். ரூபின்ஸ்டைன் உருப்படிகளின் தொகையைக் குறைத்துக்கொண்டார். எஞ்சியவற்றை அதிகம் சாதகம் செய்தார். விரைவான பகுதிக்கு முன்னுள்ளதைச் சற்றே தாழ்ந்த காலத்தில் வாசித்து, வேகம் குறையாததுபோல் ஒலிக்கச் செய்தார். தேர்ந்தெடுத்தல், செம்மைப்படுத்தல், ஈடுகட்டுதல் ஆகிய மூன்றையும் இதில் கண்ட பால்ட்டெஸ், முதுமையை வெறும் தேய்வென்று எண்ணுவோரை மறுத்தார். அதே பால்ட்டெஸ், 70 முதல் 100 வயதுக்கு மேற்பட்டோர் வரை 516 பேரை ஆராய்ந்த பெர்லின் முதுமை ஆராய்ச்சிக்குப் பின், எண்பத்தைந்துக்கு அப்பாற்பட்ட கடைசிப் பருவத்தில் ஈடுகட்டும் சக்தியே வற்றிவிடுகிறது என்பதையும் மறைக்காமல் எழுதினார். இந்த நேர்மைக்காகவே அவரைப் பெரிதும் மதிக்க வேண்டும்.

ஒரே மனிதர்களைப் பின்தொடரும் ஆராய்ச்சிகளுள் இன்று முன்னிற்பது, நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 பேரை மூன்று வயது முதல் தொடர்ந்து வருவது. 45 வயதில் உயிரோடிருந்தவர்களில் 94 சதவீதத்தினர் சோதனைக்கு வந்தனர். வெளிதேசங்களில் குடியேறியவர்களையும் வழிச்செலவு கொடுத்து வரவழைக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் 38 வயதினராக இருந்தபோது, இருதயம், நுரையீரல், சிறுநீரகம், ரத்தம் முதலியவற்றின் அளவைகளைக் கொண்டு உடலின் வயதைக் கணக்கிட்டதில், அது 28-லிருந்து 61 வரை பரவியிருந்தது. வேகமாக மூப்படைந்தவர்களிடம் அந்த வயதிலேயே புத்திக் கூர்மையின் சரிவும் காணப்பட்டது. ஆகவே முதுமையைப் பற்றிய ஆராய்ச்சியை அறுபது வயதில் தொடங்கும் வழக்கம் மாறி, அது இப்போது முப்பதுகளிலேயே தொடங்குகிறது.