மறைக்கப்பட்ட படமும் இல்லாத படமும்: விளம்பரத் தடுப்பின் வரலாறு குறித்து

ஒரு பக்கத்தில் படம் இல்லை என்பதும், இருந்த படம் காட்டப்படவில்லை என்பதும் ஒன்றல்ல. இணையத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. விளம்பரத் தடுப்பு மென்பொருள்களின் வரலாறோ, இவ்வேறுபாடு படிப்படியாகக் கண்ணுக்குத் தெரியாமல் போன வரலாறாகும்.

இணையத்தின் தொடக்ககாலப் பதாகை விளம்பரங்கள் 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் தளத்தில் வெளியாயின. 1996இல் விளம்பர அளவுகள் தரப்படுத்தப்பட்டன. 468க்கு 60 படப்புள்ளி என்னும் அளவு பரவலாயிற்று. விற்பனைக்கு எளிதாக அமைந்த இத்தரப்படுத்தலே தடுப்புக்கும் வழிகாட்டியது. தடுப்பு மென்பொருள் படத்தின் பொருளை ஆராயவில்லை. அதன் அளவையும், கோப்பு முகவரியில் உள்ள 'ஆட்ஸ்', 'பேனர்' போன்ற சொற்களையுமே நோக்கியது. ஆகவே 'பேனர்' என்ற கோப்புறையில் வைக்கப்பட்ட ஒரு நூலகத்தின் முகப்புப் படமும் விளம்பரமாகக் கருதப்பட்டு மறைய நேர்ந்தது. பெயரே பொருளின் இயல்பைத் தீர்மானித்தது.

எனினும் தொடக்ககாலக் கருவிகள் தம் செயலின் தடயத்தை விட்டுச் சென்றன. ஜங்க்பஸ்டரின் வழித்தோன்றலான பிரைவாக்ஸி, தடுத்த படத்தின் இடத்தில் சதுரங்கக் கட்டம் போன்ற ஓர் உருவை இட்டது. இங்கே ஏதோ அகற்றப்பட்டுள்ளது என்பதை வாசகர் அறிந்தார். 2002இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சென் அட்பிளாக்கை உருவாக்கினார். 2006இல் விளாதிமிர் பாலன்ட் புதிதாக எழுதி வெளியிட்ட அட்பிளாக் பிளஸ், ஈஸிலிஸ்ட் என்னும் பொது விதிப்பட்டியலின் துணையுடன் உலகெங்கும் பரவியது. தடுத்த படத்தின் வெற்றிடத்தையும் சுருக்கிவிடும் வசதி அதில் இருந்தது. பக்கம் சீராகத் தோன்றியது. நீக்கத்தின் அறிகுறி எஞ்சவில்லை.

தடையை விலக்கும் வழியும் உடன் வளர்ந்தது. விதிப்பட்டியலில் '@@' என்ற குறியுடன் தொடங்கும் வரி விதிவிலக்காகும். பயனர் ஒரு தளத்திற்கு மட்டும் தடுப்பை நிறுத்தி வைக்கலாம். தவறாக மறைந்த படத்தை அறிவித்தால் தன்னார்வலர்கள் விதியைத் திருத்துவர். 2011 இறுதியில் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' திட்டம் வந்தபோது இதன் தன்மை மாறியது. வரையறைக்கு உட்பட்ட விளம்பரங்கள் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டன. பெருநிறுவனங்களிடம் அதற்குக் கட்டணமும் பெறப்பட்டது. பிழைதிருத்தமாகத் தோன்றிய விதிவிலக்கு வணிகப் பொருளாயிற்று. மறுபுறம், 2015இல் ஜெர்மனியின் பில்ட் நாளிதழ், தடுப்பை நீக்காதோருக்குத் தன் தளத்தை மூடியது. ஆயினும் 2018இல் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், விளம்பரத் தடுப்பு சட்டத்திற்கு உட்பட்டதே எனத் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் இவ்வரலாறு கைப்பேசி வழியே நிகழ்ந்தது. கைப்பேசியில் விளம்பரத்தைத் தடுக்கும் உலாவிகளை இந்தியாவில் சுமார் 12.2 கோடிப் பேர் பயன்படுத்துவதாக 2016இல் பேஜ்ஃபேர் அறிக்கை மதிப்பிட்டது. இணையத் தரவின் விலையும் இணைப்பின் வேகக்குறைவும் இதற்குத் தூண்டுதலாயின. 2020 ஜூனில் தடைசெய்யப்பட்ட யூசி பிரவுசர் போன்றவற்றில் தடுப்பு உள்ளேயே அமைந்திருந்தது. தனியே ஒரு மென்பொருளை நிறுவாத வாசகருக்கு, தம் திரையில் எதை எந்த விதி மறைத்தது என அறியும் வாய்ப்பு அரிது.

இதன் விளைவு ஆய்வேடுகளிலும் தங்குகிறது. தடுப்பு இயங்கும் உலாவியில் எடுத்த திரைப்பிடிப்பு, திருத்தப்பட்ட ஆவணமே. பருவ இதழ்களைக் கட்டடம் செய்தபோது நூலகங்கள் பல விளம்பரத் தாள்களைக் கிழித்தெறிந்தன. அன்றைய விலையையும் மருந்தையும் நாகரிகத்தையும் தேடும் வரலாற்றாசிரியர்கள் அவ்விழப்புக்கு இன்றும் வருந்துகின்றனர். அங்கே கிழித்தவர் நூலகர்; இங்கே, அறியாமலேயே, ஆய்வாளர். தடுப்பை நிறுத்திப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை பதிவதும், மேற்கோளில் முகவரி, நாள் ஆகியவற்றுடன் தடுப்பின் நிலையையும் குறிப்பதும் சிறிய செயல்கள். இல்லாததையும் மறைக்கப்பட்டதையும் பிரித்தறிய அவையே பின்வருவோருக்குத் துணையாகும்.