இண்டியானாபொலிஸின் 13ஆம் வளைவும் கோயம்புத்தூர்ப் பையனும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். சாம்பார் சாதத்துக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒரு கேள்வி போட்டார். புதிதாக ஒரு ஜெர்மன் கார் வாங்கியிருக்கிறார். 500 குதிரைசக்திக்கு மேல், எடை கிட்டத்தட்ட 2000 கிலோ. அடுத்த மாதம் அதை 'ட்ராக் டே'க்குக் கொண்டுபோகிறாராம். (காசு கட்டினால் சொந்தக் காரை ரேஸ் மைதானத்தில் ஓட்ட விடுவார்களே, அந்த நாள்.) "இருக்கறதிலேயே நல்ல டயர் எதுன்னு சொல்லுங்க, வாங்கிப் போட்டுடறேன்" என்றார்.

"2005 இண்டியானாபொலிஸ் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "ஆறே ஆறு கார் ஓடி நம்ம நாராயண் நாலாவதா வந்தாரே, அதுதானே?"

அந்தச் சிரிப்புதான் இதை எழுத வைத்தது. அந்த ரேஸை ஜோக்காக மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம். அவர் கேட்ட டயர் கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கொஞ்சம் பின்னால் போவோம். நம் ஊரில் கார் ரேஸ் என்றால் முதலில் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருஷம் பந்தயம் நடத்தியது. வீதியில் ஓடிய ஃபியட்டும் அம்பாசிடரும்கூட அங்கே மோதிக்கொண்டன. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான மைதானம் வந்தது. கோவையில் எஸ்.கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற சின்ன ரேஸ் காரை உருவாக்கி, காசில்லாத பையன்களும் ரேஸ் ஓட்ட வழி செய்தார். 1995இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். 2003இல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த ரேஸ் மைதானத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

அந்தக் கோவையிலிருந்து வந்தவர்தான் நாராயண் கார்த்திகேயன். அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் அந்தக் காலத்து ராலி வீரர். மகன் ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்து, 1996இல் ஃபார்முலா ஏஷியா சாம்பியன் ஆகி, 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் கால்வைத்த முதல் இந்தியர் ஆனார்.

இனி டயர் கதை. அந்த வருஷம் ஒரு விசித்திர விதி இருந்தது. தகுதிச் சுற்றுக்கும் ரேஸுக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். பஞ்சராகவோ சேதமாகவோ ஆனாலொழிய நடுவில் மாற்றக் கூடாது. மொத்தம் 10 அணிகள். ஏழுக்கு மிஷலின் டயர், ஃபெராரி, ஜோர்டான், மினார்டி மூன்றுக்கும் ப்ரிட்ஜ்ஸ்டோன். அந்த வருஷம் 19 ரேஸ் நடந்தது. 18இல் ஜெயித்தது மிஷலின் கார்கள். அப்போது யாரைக் கேட்டிருந்தாலும் நல்ல டயர் எது என்பதற்கு ஒரே பதில்தான் வந்திருக்கும்.

ஜெயிக்காத அந்த ஒன்றுதான் இண்டியானாபொலிஸ்.

அங்கே 13ஆவது வளைவு, பழைய ஓவல் பாதையின் ஒரு பகுதி. 9 டிகிரிக்குச் சற்று மேல் சரிந்த தளம். வலது பக்கம் திரும்பும் நீண்ட வளைவு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே போகலாம். வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடப்பக்க டயர்களில் இறங்கும். ஜூன் 17 வெள்ளிக்கிழமை பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவில் இடது பின் டயர் போய், கார் சுவரில் மோதியது.

ஒரு எஃப்-1 காரின் எடை அப்போது ஓட்டுநரையும் சேர்த்து 600 கிலோ சுமார்தான். நண்பரின் காரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த வேகத்தில் காற்று காரைத் தரையோடு அழுத்துகிறது. சரிவில் திரும்புவதால் மேலும் அழுத்தம். இவ்வளவும் சேர்ந்து டயரின் பக்கச்சுவரை நசுக்குகிறது, அதுவும் ஒவ்வொரு சுற்றிலும், பல விநாடிகளுக்கு. காகிதத்தில் கார் எத்தனை கிலோ என்பது டயருக்குத் தெரியாது. தன் தலையில் இப்போது எவ்வளவு பாரம், எத்தனை நேரம் என்பது மட்டும்தான் தெரியும்.

மிஷலின் தன் டயர்களைப் பரிசோதித்துவிட்டு, அந்த வளைவில் வேகம் குறையாவிட்டால் 10 சுற்றுக்கு மேல் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டது. ரேஸோ 73 சுற்று. வளைவுக்கு முன்னால் வேகத்தடை மாதிரி ஒரு திருப்பம் போடச் சொல்லி அணிகள் கேட்டன. எஃப்.ஐ.ஏ மறுத்தது. ஜூன் 19 அன்று 20 கார்களும் ஒரு சுற்று வந்தன. பிறகு 14 கார்கள் அப்படியே பிட்டுக்குள் திரும்பிவிட்டன. ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். கூச்சல் போட்டார்கள், பாட்டில்களை வீசினார்கள். மைக்கேல் ஷூமாக்கர் முதல், பாரிகெல்லோ இரண்டு, ஜோர்டானின் மாண்டெய்ரோ மூன்று, நாராயண் நான்கு. ஐந்து புள்ளிகள். ஓர் இந்திய ஓட்டுநர் எஃப்-1இல் வாங்கிய புள்ளிகள் இன்று வரை அவ்வளவுதான்.

வருஷம் முழுக்கத் தோற்ற ப்ரிட்ஜ்ஸ்டோன் இங்கே எப்படித் தாங்கியது? அந்தக் கம்பெனி 1988இல் வாங்கிய ஃபயர்ஸ்டோன், இதே ஓவலில் நடக்கும் இண்டி 500 பந்தயத்துக்கு டயர் கொடுத்துவந்தது. அந்த அனுபவம் உதவியது என்று அப்போதே பலர் சொன்னார்கள். அந்தத் தளம் அவர்களுக்குப் பழகிய தளம்.

ஆக, "நல்ல டயர்" என்று தனியாக ஒன்று கிடையாது. எந்தக் கார், எந்தத் தளம், எவ்வளவு நேரம் என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும். நண்பருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

முதலில் டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். 245/40 ஆர் 19 என்ற அளவுக்குப் பிறகு 98 ஒய் என்று இருந்தால், 98 என்பது ஒரு டயருக்கு 750 கிலோ, ஒய் என்பது மணிக்கு 300 கி.மீ. 2000 கிலோ காரில் ஒரு டயருக்கு 500 கிலோதானே என்று கணக்குப் போடாதீர்கள். பிரேக் அடித்துக்கொண்டே வளைத்தால் வெளிப்பக்க முன் டயரில் அது ஏறக்குறைய இரு மடங்கு ஆகலாம். அதனால் கார்க் கம்பெனி சொன்ன பார எண்ணுக்குக் கீழே ஒருநாளும் இறங்காதீர்கள், பிடிப்பு எவ்வளவு அதிகம் என்று விளம்பரம் சொன்னாலும் சரி.

அடுத்தது காற்று. ஓட ஓட டயர் சூடாகி அழுத்தம் ஏறும். கனமான காரில் இன்னும் சீக்கிரம் ஏறும். பிட்டுக்கு வந்தவுடன் சூட்டோடு அளந்து சரிசெய்ய வேண்டும். பிடிப்பு வேண்டுமென்று ரொம்பக் குறைத்தால் பக்கச்சுவர் மடங்கும். டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு மடங்குகிறது என்று தெரியும். தயாரித்த தேதியையும் பாருங்கள். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம்.

கடைசியாக, கனமான காரை மூன்று நான்கு சுற்று விரட்டினால் ஒரு சுற்று மெதுவாக வந்து டயரையும் பிரேக்கையும் ஆறவிடுங்கள். பின்னால் வருகிறவர் கடந்து போனால் போகட்டும்.

அன்று பாட்டில் வீசிய கூட்டத்துக்கு, உள்ளே திரும்பிய 14 பேரும் கோழைகளாகத் தெரிந்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "எங்கள் டயர் தாங்காது" என்று உலகத்தின் முன்னால் ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது. 14 ஓட்டுநர்கள் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். நாராயணும் ஒன்றும் திருடவில்லை. தாங்கும் டயரோடு 73 சுற்று நடந்த ரேஸைக் கடைசி வரை ஓட்டி முடித்தார்.

நண்பர் ரசத்தை முடித்துவிட்டுக் கைகழுவப் போனார். திரும்பி வரும்போது அவர் மனைவி என்னிடம், "அந்தப் பார எண் எங்க இருக்கும்னு எனக்கும் காட்டுங்கண்ணா, நானே பார்த்துக்கறேன்" என்றார். அதற்கப்புறம் எனக்குக் கவலை இல்லை :-)